ஷீரீனின் இடத்தில் வந்தவள்

ஷீரீனுக்குப் பதிலாக வருவது யார் என்பது படகுத்துறைக்கு வந்த பிறகுதான் ஸக்கியாவுக்குத் தெரிந்தது.

ஷீரீனும் ஸக்கியாவும் விமான நிலையத்தின் சரக்குச் சுங்கத்தில் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள். "வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்குப் பதிலா வாடீ, முக்குளிக்கக் கத்துக்கலாம்" என்று ஸக்கியாவை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதே ஷீரீன்தான். இருவரும் தட்டுத் தடுமாறித் தேறினார்கள். மழைக்காலத்தில் வெளிநாட்டுக்காரர்களின் வரத்து குறைவு என்பதால், சஃபாரி படகுக்காரர்கள் உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒரு பயணம் போட்டிருந்தார்கள். படகிலேயே தங்கி, படகிலேயே தின்று, நாளெல்லாம் கடலில் குதித்துக்கொண்டே போகலாம். கிளம்புகிற அன்று காலையில் பார்த்து ஷீரீனின் மகனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"என்னோட எடத்துக்கு வேற ஒரு பொண்ணு கிடைச்சிருக்காளாம். உன் ரூம்லதான் இருப்பா. புதுசாக் கத்துக்கிட்டவதானாம், உனக்கும் துணையாச்சு" என்று போனில் சொன்னாள் ஷீரீன்.

தலைநகர் மாலேவை ஒட்டிய ஹுல்ஹுமாலே துறையில் ஸக்கியா பையோடு நின்றிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஷகீப். பதினோரு வருஷம் அவளுக்குப் புருஷனாக இருந்தவன். பின்னாலிருந்து இறங்கியவள் ரிஷ்ஃபா. அவனுக்கு இப்போது மனைவி.

மாலே ஊரில் பிரிந்துபோனவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க முடியாது. ஊரே அவ்வளவுதான். மருந்துக்கடை வரிசையிலும் படகிலும் கல்யாண வீட்டிலும் இவர்கள் மூவரும் எத்தனையோ தடவை எதிர்ப்பட்டு, சௌக்கியமா என்று கேட்டு விலகிப் போயிருக்கிறார்கள். அதில் ஒன்றும் சங்கடமில்லை. சங்கடம் எல்லாம் அந்த அறையை நினைத்துத்தான். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும் என்று ஷீரீன் ஏற்கெனவே படம் காட்டியிருந்தாள்.

"நீயும் போறியா?" என்றான் ஷகீப்.

"ஆமா."

"ரெண்டு பேரும் ஒரே படகா?"

"அப்படித்தான் தெரியுது."

அவன் ஸக்கியாவைப் பார்த்தான், ரிஷ்ஃபாவைப் பார்த்தான், அவள் பையைத் தரையில் வைத்தான். "ஜாக்கிரதை" என்றான். யாருக்குச் சொன்னான் என்று தெரியாததால் இரண்டு பேருமே தலையாட்டவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ரிஷ்ஃபா பள்ளிக்கூட வாத்தியார். ஸக்கியாவைவிட எட்டு, ஒன்பது வயது இளையவள். தெற்கே ஒரு தீவிலிருந்து மாலேவுக்குப் படிக்க வந்து அங்கேயே வேலையும் தேடிக்கொண்டவள். ஸக்கியாவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது இந்த மூன்று வருஷமாகவே அவளுக்குப் பிடிபடவில்லை. அக்கா என்றால் உறவு கொண்டாடுவதுபோல் இருக்கும். பெயர் சொன்னால் மரியாதை இல்லை. அதனால் எதையும் சொல்லாமல், தொண்டையைச் செருமிவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பாள்.

அறையில் பையை இறக்கிவிட்டுச் செருமினாள். "எந்தக் கட்டில் வேணும்?"

"எதா இருந்தா என்ன?"

"இல்ல, சன்னல் பக்கம் வேணும்னா..."

"நீங்களே எடுத்துக்குங்க" என்றாள் ஸக்கியா. அன்று அதற்கு மேல் பேச்சில்லை.

படகு வாவு அத்தோல் என்ற தீவுக்கூட்டத்தின் பக்கமாக இறங்கியது. பெரிய படகின் பின்னாலேயே சிலிண்டர்களையும் காற்றடிக்கும் இயந்திரத்தையும் சுமந்துகொண்டு ஒரு தோணி வந்தது. முக்குளிக்கப் போவது அந்தத் தோணியிலிருந்துதான். மூஸா அண்ணன் அதை ஓட்டினார். முக்குளிப்பவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டி ஹம்தூன். முப்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த மூக்கும் வாயில் எப்போதும் ஒரு பாக்குத் துண்டுமாக இருப்பான்.

முக்குளிக்கிற முதல் நாள் காலையில் எல்லோரையும் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து, பவளத்திட்டைப் படமாக வரைந்து காட்டி, ஜோடி பிரித்தான். "ஸக்கியா அக்கா, ரிஷ்ஃபா அக்கா. நீங்க ரெண்டு பேரும் புதுசு, என் பக்கத்துலயே இருக்கணும். ஒருத்தர் மேல வந்தா இன்னொருத்தரும் வந்துடணும். ஒருத்தருக்குக் காத்து கம்மியானா ரெண்டு பேருக்கும் கம்மி. புரியுதா?"

பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். படகில் இருந்த அத்தனை பேரும் மாலேக்காரர்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பது துறையை விட்டுக் கிளம்பும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவன் அட்டு தீவுக்காரனான ஹம்தூன் ஒருவன்தான்.

தோணிக்குள் போனதும் மூஸா அண்ணன் அவன் காதில் எதையோ ஊதினார். ஹம்தூன் பாக்கைக் கடலில் துப்பிவிட்டு, "ஐயோ" என்றான். பிறகு இவர்களிடம் வந்து, "வேணும்னா மாத்தித் தரட்டுமா?" என்றான்.

"எதுக்கு?" என்றாள் ஸக்கியா, வீம்பாக.

"வேண்டாம்" என்றாள் ரிஷ்ஃபாவும், அதே வேகத்தில்.

"புருஷனப் பங்கு போட்டாச்சு, காத்தப் பங்கு போட்டுக்கறதுல என்ன வந்துச்சு?" என்றார் மூஸா அண்ணன், சுக்கானைப் பிடித்துக்கொண்டே. தோணியே சிரித்தது. ஸக்கியாவுக்குக் காது சுட்டது. ரிஷ்ஃபா குனிந்து காலில் ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நீருக்குள் போனால் ஸக்கியாவுக்குக் காதுதான் பிரச்சினை. ஓர் ஆள் ஆழம் இறங்கியதும் காதுக்குள் ஆணி இறங்குவதுபோல் இருக்கும். மூக்கைப் பிடித்து ஊதி, கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி ஊதி, மறுபடி இறங்க வேண்டும். மற்றவர்கள் கீழே மணலில் மண்டி போட்டுக் காத்திருக்க, அவள் தோணியிலிருந்து இறக்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு படி படியாக வருவாள். பக்கத்திலேயே ரிஷ்ஃபா நிற்க வேண்டும், அதுதான் விதி. முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கண்கள் மட்டும் தெரியும். அவை சலித்துக்கொள்கின்றனவா, கவலைப்படுகின்றனவா என்று ஸக்கியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. சலிப்பு என்றே வைத்துக்கொண்டாள்.

ரிஷ்ஃபாவுக்கு வேறு பிரச்சினை. காற்றைக் குடித்துத் தீர்த்துவிடுவாள். மற்றவர்கள் சிலிண்டரில் பாதிகூடச் செலவழித்திருக்க மாட்டார்கள். அதற்குள் அவள் நெஞ்சில் கையை வைத்து, குறைந்துவிட்டது என்று காட்டுவாள். உடனே ஸக்கியாவும் மேலே ஏறியாக வேண்டும். தன்னுடைய சிலிண்டரில் நிறையக் காற்று மிச்சம் இருக்கும்போது வெறுமனே ஏறுவது ஸக்கியாவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"அப்படி என்ன அவசரமா மூச்சு விடணும்?" என்று இரண்டாம் நாள் தோணியில் ஏறியதும் கேட்டேவிட்டாள்.

"அவ்வளவு நேரம் கயித்துலயே தொங்கினா காத்து தீராம என்ன செய்யும்? உங்களுக்காக நின்னது யாரு?" என்றாள் ரிஷ்ஃபா.

"நிக்கச் சொல்லி நானா சொன்னேன்?"

"ஹம்தூன் சொன்னாரே!"

மற்றவர்கள் துண்டால் தலை துவட்டுவதில் மும்முரமானார்கள். 

ஆனாலும், சண்டை போட்டபடியே இரண்டு பேரும் கற்றுக்கொண்டார்கள். படகிலிருந்தே ஊதத் தொடங்கினால் காது சீக்கிரம் வழிவிடும் என்று ஸக்கியா தெரிந்துகொண்டாள். கையை வீசாமல் மார்பில் கட்டிக்கொண்டால் மூச்சு நிதானப்படும் என்று ஹம்தூன் ரிஷ்ஃபாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். சாப்பாட்டு மேசையில் ரொட்டியும் தேங்காய்த் துருவலோடு பிசைந்த சூரைமீனும் வரும்போது, ஸக்கியா கேட்காமலே மிளகாய் போடாத கிண்ணத்தை ரிஷ்ஃபா அவள் பக்கம் நகர்த்தினாள். ஸக்கியாவுக்கு வயிற்றுப்புண் என்று அவளுக்கு யார் சொன்னது? ஷகீப்பா, மாஷாவா? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மாஷா ஸக்கியாவின் மகள். வயது பதின்மூன்று. போன வருஷம் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். சட்டப்படி அதில் தடையில்லை. போன் பார்க்காதே என்று ஸக்கியா திட்டிய மறுநாள் நடந்தது அது. அங்கே அவளுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது, விஷயம் புரிந்துவிட்டது என்று ஸக்கியா நினைத்துக்கொண்டாள். இங்கே அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே அறைதான்; இட நெருக்கடியில் புழுங்கும் அந்த ஊரில் தனி அறை என்றால் சும்மாவா? அறையைக் காட்டிப் பிள்ளையை இழுத்துக்கொண்டாள் இந்த வாத்தியாரம்மா. அந்த எண்ணம் அவளுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது.

கடலுக்குள் மலைபோல் எழுந்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் பவளத்திட்டைத் தீவுக்காரர்கள் திலா என்பார்கள். நான்காம் நாள் அப்படி ஒரு திலாவில் இறங்கினார்கள். நீரோட்டம் லேசாகத்தான் இருக்கும், திட்டை ஒட்டியே போகலாம் என்றான் ஹம்தூன். வானம் மூடியிருந்தது.

ஸக்கியாவின் காது அன்று தொந்தரவே கொடுக்கவில்லை. மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று கிழித்த துணிபோல் விலகி வழிவிட்டது. பாறை இடுக்கில் ஒரு விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோளில் தட்டு விழுந்தது. ரிஷ்ஃபா. அவளுடைய ஒரு காலின் துடுப்பு வார் அவிழ்ந்து, துடுப்பு கழன்றுவிடும்போல் ஆடிக்கொண்டிருந்தது. ஸக்கியா ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாரை இழுத்து மாட்ட முயன்றாள். குளிரில் விரல் வழுக்கியது. இரண்டு மூன்று தடவை நழுவி, கடைசியில் மாட்டிவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் ஹம்தூனைக் காணோம். யாரையுமே காணோம்.

திட்டின் வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று நினைத்து இருவரும் பாறையை விட்டார்கள். தப்பு அங்கேதான் நடந்தது. ஓட்டம் அதற்குள் வலுத்திருந்தது. அது திட்டை ஒட்டிப் போகாமல், இவர்களைப் பக்கவாட்டில் வாரிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் பாறை மங்கியது. அப்புறம் பாறையே இல்லை. மேலும் நீலம், கீழும் நீலம்.

 வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான் ஸக்கியாவுக்கு ஞாபகம் வந்தது: கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு நிமிஷம் தேடு, அப்புறம் மேலே போ. கட்டை விரலை மேலே காட்டினாள். ரிஷ்ஃபா தலையாட்டினாள், மூச்சுக்குமிழிகள் கொத்துக் கொத்தாக அவளிடமிருந்து கிளம்பின. ஸக்கியா அவள் மணிக்கட்டைப் பற்றி, தன் மார்பைத் தொட்டு, மெல்ல என்று காட்டினாள். உடம்பு பழகுவதற்காகப் பாதியில் கொஞ்ச நேரம் நின்றுதான் ஏற வேண்டும் என்பதால், பிடிக்க ஒன்றுமில்லாத அந்த இடத்தில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தையும் எதிரிலிருந்தவள் கண்களையும் பார்த்தபடி தொங்கினார்கள். அந்தக் கண்களில் சலிப்பு இல்லை என்பது மட்டும் ஸக்கியாவுக்கு இப்போது தெரிந்தது.

மேலே வந்தால் மழை. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லாமல் எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. தோணியும் தெரியவில்லை, பெரிய படகும் தெரியவில்லை. மிதவை ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி மிதந்துகொண்டு, ஸக்கியா பையிலிருந்த ஆரஞ்சு நிறப் பலூனை எடுத்தாள். தேடி வருபவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிவதற்கான ஆள் உயரக் குழாய் அது. வாயால் ஊதி நிமிர்த்த வேண்டும். பாதி ஊதியதும் அவளுக்குத் தலை சுற்றியது. மீதியை ரிஷ்ஃபா ஊதினாள். இருவரும் மாறி மாறி விசில் அடித்தார்கள். மழைச் சத்தம் அதைத் தின்றுவிட்டது.

"கீழ பாக்காதீங்க" என்றாள் ரிஷ்ஃபா.

"ஏன், என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் பாக்காதீங்கன்னேன்."

ஸக்கியா பார்த்தாள். ஒன்றும் இல்லை. முடிவில்லாமல் ஒன்றும் இல்லை. சட்டென்று தலையைத் தூக்கிக்கொண்டாள்.

"எங்க ஊர்ல மீன் புடிக்கப் போறவங்க கவுந்தா அப்படித்தான் சொல்வாங்க. அடிவானத்தப் பாரு, காலுக்குக் கீழ பாக்காதேன்னு. காலால உதைக்காதீங்க, சும்மா மிதங்க. தேடி வருவாங்க" என்றாள் ரிஷ்ஃபா. குரல் நடுங்கினாலும் பேச்சு தெளிவாக இருந்தது.

"உன் வார் அவுந்ததாலதான்..." என்று ஆரம்பித்த ஸக்கியா அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா, என் வார்தான். மாட்டித்தர இவ்வளவு நேரமா?"

"குளுருல விரல் வரலடீ!"

சொன்ன பிறகுதான் 'டீ' போட்டுவிட்டது உறைத்தது. ரிஷ்ஃபா கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

தோணியின் இயந்திரச் சத்தம் எங்கோ கேட்டது. இருவரும் பலூனை ஆட்டிக் கத்தினார்கள். சத்தம் நெருங்கி, பிறகு தேய்ந்து, மறைந்துவிட்டது. அந்த நிமிஷம்தான் ஸக்கியாவுக்கு நிஜமாகவே பயம் வந்தது. 

"ஷகீப்புக்குத் தெரிஞ்சா..." என்றாள் ரிஷ்ஃபா.

"'நான் அப்பவே சொன்னேனா இல்லியா?'" என்றாள் ஸக்கியா, ஷகீப் மாதிரியே மூக்கால் இழுத்து.

"'என் பேச்ச இந்த வீட்ல எவ கேக்குறா?'" என்றாள் ரிஷ்ஃபா, அதைவிடச் சரியாக.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் ஸக்கியா உப்புத் தண்ணீரை விழுங்கிவிட்டாள். இருமி இருமி அடங்கியபோது அவளுக்குக் கண்ணீரும் வந்திருந்தது, மழையில் தெரியவில்லை. செத்தாலும் செத்துவிடுவோம், கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"என் பொண்ண எதுக்குடீ இழுத்துக்கிட்டே? தனி ரூம் குடுத்தா வராமலா இருப்பா?"

 ஓர் அலை இருவரையும் தூக்கி இறக்கியது.

"நான் இழுத்தேனா? அது யார் ரூம்னு தெரியுமா உங்களுக்கு?"

"யார் ரூம்?"

"என் தங்கச்சி நுஹாவோடது. நர்ஸிங் படிக்கிறா. ஊர்லேர்ந்து வந்து எங்ககூட இருந்தா. ஒருநா சாயங்காலம் மாஷா பையோட வந்து நிக்குறா. 'என் பொண்ணு வந்திருக்கா, நுஹா வேற எடம் பாத்துக்கட்டும்'னுட்டார் அவர். ஒரு வாரத்துல காலி பண்ணிட்டா. இப்ப ஆறு பொண்ணுங்ககூட ஒரே ரூம்ல கெடக்கா. கட்டில் பத்தல. ஒருத்தி டூட்டிக்குப் போனாத்தான் இவளுக்குப் படுக்க எடம். என்னால என்ன பண்ண முடிஞ்சது? உங்க மேல எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? பெத்த புள்ளயக் கூட வச்சுக்கத் தெரியல, என் தங்கச்சி தெருவுல நிக்குதுன்னு."

"போன் பாக்காதேன்னு திட்டினேன். அதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

"போனுமில்ல, ஒண்ணுமில்ல." ரிஷ்ஃபா முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "உங்களுக்கு நைட் ஷிஃப்ட் வருதில்ல? தனியாப் படுத்துக்க அவளுக்குப் பயம். லிஃப்ட் சத்தம் கேட்டாக்கூடத் தூக்கிப் போடுமாம். அதான் விடிய விடிய போனப் பாத்துக்கிட்டு முழிச்சிருந்திருக்கா. எங்க வீட்லயும் கதவத் தொறந்து வச்சுட்டுத்தான் படுப்பா."

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"'அம்மா வேலைய விட்டுட்டா சோத்துக்கு என்ன செய்யும்'னா என்கிட்ட. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. இப்பச் சொல்லிட்டேன்."

 ஸக்கியா பலூனை மறு கைக்கு மாற்றிப் பிடித்தாள். விடியற்காலையில் வீடு திரும்பும்போதெல்லாம் வீட்டில் விளக்கு எரிந்ததும், அதற்காகவும் சேர்த்துத் தான் திட்டியதும் கண் முன்னால் வந்தன.

மழை எப்போது விட்டது என்று இருவருக்கும் தெரியாது. வெளிச்சம் பரவியதும், நினைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தோணி சின்னதாகத் தெரிந்தது. ரிஷ்ஃபா விசிலைக் கடித்துக்கொண்டு ஊதினாள். தோணியின் கூரைமேல் நின்ற உருவம் ஒன்று இரண்டு கைகளையும் தூக்கியது. ஹம்தூன்தான் அது.

ஏணியில் ஏறும்போது மூஸா அண்ணன் ஸக்கியாவின் சிலிண்டரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. கிண்டல் எதுவும் வரவில்லை. சூடான சாயா மட்டும் வந்தது. ஹம்தூன் முதலில் கத்தினான். பாறையை ஏன் விட்டீர்கள், என்னை ஏன் தட்டிக் கூப்பிடவில்லை என்று கத்திவிட்டு, இருவருக்கும் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"தப்பு என்னுது. வளைவுல திரும்பிப் பாத்திருக்கணும். பாக்கல. அப்புறம் பாத்தா ரெண்டு பேரும் இல்ல" என்றான்.  ரிஷ்ஃபா தன் சாயாவை அவனிடம் கொடுத்தாள்.

மறுநாள் காலை இருவரும் இறங்கவில்லை. மற்றவர்களை ஏற்றிக்கொண்டு தோணி போனதும் பெரிய படகு காலியாகிவிட்டது. சமையல்காரர் மட்டும் கீழே மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மேல்தளத்தில் காயப்போட்ட உடுப்புகளுக்கு நடுவே ரிஷ்ஃபா படுத்திருந்தாள். ஸக்கியா இரவெல்லாம் யோசித்துவைத்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நேராகவே சொல்லிவிட்டாள்.

"மாஷா கட்டில் என் வீட்ல சும்மாதான் கெடக்கு. நுஹாவ அங்க வரச்சொல்லு."

ரிஷ்ஃபா எழுந்து உட்கார்ந்தாள். "உங்க வீட்லயா?"

"ஆமா. ஹுல்ஹுமாலேலேர்ந்து பஸ் ஏறினா ஆஸ்பத்திரிக்கு நேராப் போயிடலாம். வாடகையெல்லாம் வேண்டாம். அவ பங்குக்குக் கரன்ட் பில்லக் குடுத்தாப் போதும்."

ரிஷ்ஃபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் பார்வை அது. பதிலில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடுகிற பார்வை. "ராத்திரி வீட்ல ஆளு இருந்தா மாஷா திரும்பி வருவான்னு கணக்குப் போடுறீங்க."

"ஆமா, போடுறேன்" என்றாள் ஸக்கியா. "பின்ன?"

"வரலேன்னா?"

"வரலேன்னாலும் நுஹா இருக்கட்டும். அவ என்ன பாவம் பண்ணினா?"

ரிஷ்ஃபா கடலைப் பார்த்தாள். "வந்துட்டா அந்த மனுஷன் என்மேல பாய்வாரு. 'நீதான் துரத்திவிட்டே'ன்னு."

"பாயட்டும். எனக்கு போன் போடு, நான் பேசிக்கறேன்."

"நீங்க பேசினா இன்னும் பாய்வாரு."

"அதுவும் சரிதான்."

 கீழே கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. "நுஹாகிட்ட கேட்டுத்தான் சொல்லணும்க்கா" என்றாள் ரிஷ்ஃபா. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, செருமாமல், அக்கா என்று கூப்பிட்டிருந்தாள்.

அன்று மாலை ஹம்தூன் வந்து, "ஆழமில்லாத எடம், ஓட்டமே கிடையாது, நானும் கையப் புடிச்சுக்கறேன்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான். ஒருத்தி வந்தால்தான் இன்னொருத்தி என்பதால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போனார்கள். ஸக்கியா கயிற்றைப் பிடித்துப் படி படியாக இறங்கினாள். ரிஷ்ஃபா பக்கத்தில் நின்றாள். ஓர் ஆமை பவளத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. இவர்கள் வந்து பார்ப்பதைப் பற்றி அதற்கு அக்கறையே இல்லை. ரிஷ்ஃபாவின் காற்று கடைசிவரை தாக்குப்பிடித்தது. சொல்லும்படியாக வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஸக்கியாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து, ஒரு பெட்டி, ஒரு சோற்றுக் குக்கர், தடிதடியான புத்தகங்கள் சகிதம் நுஹா வந்து சேர்ந்தாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். முதல் நாள் படுத்தவள் மறுநாள் மதியம்தான் எழுந்தாள். ஒரு கட்டிலில் முழுசாகத் தூங்கி எத்தனையோ மாதமாயிற்று என்றாள். ஷகீப் போன் செய்தான். "என்ன கூத்து இது? ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா?" என்றான். "என்ன பேசுறாங்க?" என்று ஸக்கியா கேட்டாள். அவன் போனை வைத்துவிட்டான்.

ஸக்கியா மகளிடம் எதையும் கேட்கவில்லை. ரிஷ்ஃபா சத்தியத்தை மீறியது வெளியே தெரியக்கூடாது. இரவு ஷிஃப்டை மட்டும் மேலதிகாரியிடம் எழுதிக்கொடுத்துப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். "நுஹா இங்கதான் இருக்கா, உன் பழைய சட்டையெல்லாம் அலமாரில வழிய மறிச்சுக்கிட்டு இருக்கு, வந்து எடுத்துட்டுப் போ" என்று மாஷாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்.

மறுநாள் பள்ளி விடுமுறை என்பதால் ஒரு வியாழக்கிழமை மாலை மாஷா வந்தாள். ஸக்கியா அன்று இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சட்டைகளை மடித்துப் பையில் வைத்த மாஷா, நுஹாவின் புத்தகத்தில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஸக்கியா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். இருக்கிறாயா, போகிறாயா என்று கேட்கவில்லை. லிஃப்டில் இறங்கும்போது கேட்டிருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொண்டது. திரும்பவில்லை.

காலையில் வந்தபோது மாஷா சமையலறையில் தலையைப் பரட்டையாக வைத்துக்கொண்டு முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நுஹா அக்கா தூக்கத்துல எலும்புப் பேரெல்லாம் சொல்லுதும்மா" என்றாள் எரிச்சலாக. "எப்படிம்மா தூங்குறது?"

"தூங்கலியா நீ?"

"தூங்கினேன் தூங்கினேன்" என்று முட்டையைத் திருப்பிப் போட்டாள் மாஷா.

அடுத்த வியாழக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த வாரம் பரீட்சை என்று வரவில்லை. சட்டைகளை மடித்து வைத்த பை மட்டும் இன்னும் கட்டிலுக்கடியிலேயே இருந்தது.